அப்பாவின் மெஸ் திறந்துவிட்டது. அனுப்பலாமா?

மாம்பலவாசி · 27 ஆகஸ்ட் 2020, இரவு 9.40

நண்பர்களுக்கு வணக்கம். இதைச் சாப்பாட்டுப் பகுதியில் போடுவதா, உடல்நலப் பகுதியில் போடுவதா என்று தெரியவில்லை. அட்மின் பார்த்து மாற்றிக்கொள்ளட்டும்.

அப்பாவுக்கு 71 வயது. பதினெட்டு வருடமாக சர்க்கரை, பிரஷருக்கு ஒரு மாத்திரை. அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. ஆனால் அம்மா இருந்தபோதே அவருக்குக் காலை டிபன் வெளியில்தான். அம்மாவுக்கும் அது வசதியாக இருந்தது என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி, மேற்கு மாம்பலத்திலேயே ஒரு மெஸ். ஆறேகாலுக்கு நடந்து போவார். இரண்டு இட்லி, ஒரு வடை, ஒரு காபி. மேஜைக்கு மேஜை சிவப்பு பெயிண்டில் நம்பர் எழுதியிருப்பார்கள். இவர்களுக்கு நாலாம் நம்பர். கூட மூன்று பெரியவர்கள். ஒருவர் ரயில்வே, ஒருவர் எல்.ஐ.சி., மூன்றாமவர் என்ன வேலை பார்த்து ரிட்டயர் ஆனார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஏழரைக்குப் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்புவார்.

கொரோனா ஊரடங்கு வந்ததும், மார்ச் 24 சாயங்காலத்தோடு அது நின்றது. ஜூனில் மெஸ்காரர் பார்சல் மட்டும் ஆரம்பித்தார். வாங்கி வருகிறேன் என்றேன். "பொட்டலத்தைப் பிரிச்சு வீட்ல உக்காந்து சாப்பிடறதுக்கு நம்ம வீட்டு இட்லியே போதுமே" என்று சொல்லிவிட்டார்.

ஆகஸ்ட் 1 முதல் சென்னையிலும் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று அனுமதி வந்ததே, பாதி இருக்கை, ஏ.சி. போடக்கூடாது, இரவு 7 மணி வரை என்று. ஊருக்குப் போன சப்ளையர்கள் திரும்பி வராததால் மெஸ் அப்போது திறக்கவில்லை. இந்தத் திங்கட்கிழமை திறந்துவிட்டார்கள். செவ்வாய் காலை ஆறு மணிக்கு அப்பா சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார். நான் வாசலை மறித்தேன். "கவர்மெண்டே தொறந்துட்டான். நீ என்ன கவர்மெண்டுக்கும் மேலயா?" என்றார். இரண்டு நாளாகப் பேச்சு இல்லை.

தமிழ்நாட்டில் கொரோனா கேஸ் தினம் ஆறாயிரத்தை ஒட்டி வருகிறது, சென்னையில் மட்டும் ஆயிரத்துக்கு மேல். நீங்கள் எல்லோரும் என்ன செய்கிறீர்கள்? யாராவது போய் உட்கார்ந்து சாப்பிட்டீர்களா?

---

வெண்பொங்கல் · 27 ஆகஸ்ட் 2020, இரவு 10.02

நான் போனேன். ஆகஸ்ட் 1, சனிக்கிழமை, முதல் பந்தியிலேயே. மறுநாள் ஞாயிறு முழு ஊரடங்கு என்பதால் விட்டால் திங்கட்கிழமைதான்.

வாசலில் ஒரு பையன் துப்பாக்கி மாதிரி ஒன்றை மணிக்கட்டில் காட்டினான். 33 டிகிரி. அந்தக் கணக்கில் நான் செத்து ஒரு நாள் ஆகியிருக்க வேண்டும். "ஓகே சார், உள்ளே போங்க" என்றான். ஒரு நோட்டில் பெயர், போன் நம்பர் எழுதச் சொன்னார்கள். எல்லோருக்கும் ஒரே பேனா. கையில் சானிடைசர் ஊற்றினார்கள். அதோடு இட்லியைப் பிட்டால் சட்னியில் ஆஸ்பத்திரி வாசனை.

ஆனால் அந்த நெய் ரோஸ்ட் இருக்கிறதே. கல்லிலிருந்து எடுத்து அரை நிமிடத்தில் என் முன்னால். 130 நாள் பார்சல் தோசை தின்றவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். பார்சலில் பொங்கல் தாங்கும், இட்லி ஒரு மாதிரி தாங்கும். தோசை ஈரத்துணி ஆகிவிடும். பூரியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கேள்விக்குப் பதில்: நான் போவேன். எனக்கு 34 வயது, வீட்டில் பெரியவர்கள் இல்லை. உங்கள் அப்பா கதை வேறு.

---

மருந்துச்சீட்டு · 27 ஆகஸ்ட் 2020, இரவு 11.15

ஒரு அரசு மருத்துவமனையில் கோவிட் வார்டில் வேலை. நாலு மாதமாக. அதனால் நேராகவே சொல்கிறேன்: அனுப்பாதீர்கள்.

71 வயது, சர்க்கரை, பிரஷர். நாங்கள் கேஸ் ஷீட்டில் முதலில் பார்க்கும் மூன்றும் அவருக்கு இருக்கிறது. இருபத்தைந்து வயதுக்காரருக்கு மூன்று நாள் காய்ச்சலாகப் போவது அவருக்கு ஆக்சிஜன் வரை போகலாம். தனியார் ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ. கட்டணத்துக்கு அரசு வைத்திருக்கும் உச்சவரம்பே ஒரு நாளைக்கு 15,000 ரூபாய்.

சாப்பாட்டால் வருமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அதற்குப் பயப்பட வேண்டாம். பார்சல் தாராளமாக வாங்குங்கள், பிரித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அவ்வளவுதான். பொட்டலத்தை வெயிலில் காயவைப்பது, சாம்பார் பாக்கெட்டை டெட்டாலில் முக்குவது எல்லாம் வேண்டாம். அப்படி முக்கிய ஒருவர் எங்களிடம் வேறு காரணத்துக்காக வந்தார்.

எதிரில் உட்கார்ந்து மாஸ்க் இல்லாமல் ஒரு மணி நேரம் பேசும் மூன்று பேர்தான் ஆபத்து. இட்லி ஒன்றும் செய்யாது.

---

ஈரோட்டுக்காரன் · 28 ஆகஸ்ட் 2020, காலை 7.20

எங்கள் பக்கம் ஜூன் 8 முதலே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். சென்னைக்காரர்கள்தான் ஆகஸ்ட் வரைக்கும் காத்திருந்தீர்கள். வாரம் மூன்று நாள் நான் ஹோட்டலில்தான். ஒன்றும் ஆகவில்லை. பயந்தால் எப்படி பிழைப்பு நடத்துவது?

---

மருந்துச்சீட்டு · 28 ஆகஸ்ட் 2020, காலை 7.58

உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, சந்தோஷம். பக்கத்து மேஜைக்காரருக்கு என்ன ஆனது என்று உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணே?

---

ஈரோட்டுக்காரன் · 28 ஆகஸ்ட் 2020, காலை 8.05

அதுவும் சரிதான்.

---

காற்றோட்டம் · 28 ஆகஸ்ட் 2020, பிற்பகல் 1.30

கட்டடங்களுக்கு ஏ.சி., காற்றோட்டம் வடிவமைப்பது என் தொழில். இந்த இழையில் எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது.

எல்லோரும் மேஜையைத் துடைத்தார்களா, தட்டைக் கொதிநீரில் போட்டார்களா என்று பார்க்கிறோம். அதெல்லாம் நல்லதுதான். ஆனால் பார்க்க வேண்டியது ஜன்னலை. உலக சுகாதார நிறுவனத்துக்கு 239 விஞ்ஞானிகள் ஜூலை மாதம் கடிதம் எழுதினார்கள், இது காற்றிலும் பரவுகிறது, கவனியுங்கள் என்று. ஜூலை 9 அன்று அந்த நிறுவனமும், கூட்டமான, காற்றோட்டம் இல்லாத மூடிய இடங்களில் அப்படிப் பரவுவதை மறுக்க முடியாது என்றது. அந்த இடங்களுக்குச் சொன்ன உதாரணங்களில் உணவகமும் ஒன்று.

ஒரு உணவகத்தின் கதையைச் சொல்கிறேன். சீனாவில் குவாங்சோ நகரம். ஜனவரி 24, சீனப் புத்தாண்டுக்கு முந்தைய நாள், மதியச் சாப்பாடு. மூன்றாம் மாடி, ஜன்னல் கிடையாது, ஏ.சி. ஓடுகிறது. முந்தைய நாள் வூகானிலிருந்து வந்த ஒரு குடும்பம் நடு மேஜையில். இரண்டு பக்கத்து மேஜைகளிலும் வேறு வேறு குடும்பங்கள். மேஜைக்கும் மேஜைக்கும் சுமார் ஒரு மீட்டர். ஒரு குடும்பத்தோடு 53 நிமிடம், இன்னொன்றோடு 73 நிமிடம் சேர்ந்து இருந்திருக்கிறார்கள். அந்த மூன்று குடும்பங்களில் மொத்தம் 10 பேருக்குக் கொரோனா.

இதைச் சொல்லும் எல்லோரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். மீதியையும் கேளுங்கள். அதே தளத்தில் வேறு மேஜைகளில் இருந்த 73 வாடிக்கையாளர்களுக்கும், 8 ஊழியர்களுக்கும் வரவில்லை. மூன்று மேஜைகளும் ஒரே ஏ.சி.யின் காற்றுச் சுழலில் இருந்தன. அங்கே எக்ஸாஸ்ட் விசிறிகள் அடைத்துக் கிடந்தன, வெளிக்காற்று உள்ளே வர வழியில்லை என்று ஹாங்காங் குழு ஒன்று பின்னால் அளந்து சொன்னது.

அதனால் ஏ.சி.யை அணைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். நம் ஊர் ஸ்பிளிட் ஏ.சி. அறையில் இருக்கும் காற்றையே திருப்பித் திருப்பிக் குளிர்விக்கிறது. வெளிக்காற்று கொண்டுவருவதில்லை. கண்ணாடி போட்டு மூடிய ஹாலில் ஏ.சி.யை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறக்காமல் இருந்தால் அதே காற்றுதான், வியர்வை மட்டும் கூடுதல். வாசலும் பின்கட்டும் திறந்து கிடக்கும் பழைய மெஸ், பளபளவென்று சுத்தமாகத் தெரியும் ஃபேமிலி ரெஸ்டாரண்டைவிட இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல்.

மாம்பலவாசி, உங்கள் அப்பாவின் மெஸ் எப்படி இருக்கும்? ஜன்னல், வாசல், விசிறி, எத்தனை மேஜை என்று எழுதுங்கள்.

---

மாம்பலவாசி · 28 ஆகஸ்ட் 2020, இரவு 8.45

இன்று காலை அதற்காகவே போய்ப் பார்த்தேன் சார்.

முன்பக்கம் முழுக்க ஷட்டர், தூக்கிவிட்டால் தெருவைப் பார்த்துத் திறந்தே இருக்கும். ஆறு மேஜை. மார்பிள் பதித்தது, இரும்புக் கால். இப்போது இடம் விட்டு இடம் உட்காரும்படி பெஞ்சில் வெள்ளை டேப்பில் பெருக்கல் குறி. மேலே மூன்று விசிறி. பின்னால் சமையல்கட்டு, அதற்குப் பின்னால் ஒரு கதவு சந்துப் பக்கம் திறக்கிறது. கை கழுவும் இடம் மட்டும் உள்ளே தள்ளி, மூன்றடி அகலச் சந்தில். குழாய் இரண்டு.

சப்ளையர் ஒருவர்தான். முகத்தில் பிளாஸ்டிக் தடுப்பு போட்டிருந்தார். சாம்பார் வாளியைத் தூக்கி ஊற்றும்போது ஆவி அடித்து அது முழுக்க வெள்ளையாகிவிட்டது. கண்ணை மறைக்கிறது என்று நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டுக்கொண்டு ஊற்றினார்.

நாலாம் நம்பரில் ரயில்வேகாரர் தனியாக உட்கார்ந்திருந்தார். "அப்பாவுக்கு உடம்பு சரியில்லையாப்பா?" என்று கேட்டார். ஒரு மாதிரி ஆகிவிட்டது.

---

காற்றோட்டம் · 28 ஆகஸ்ட் 2020, இரவு 9.30

ஹால் பரவாயில்லை. நீங்கள் போகிறபோக்கில் சொன்ன அந்த மூன்றடிச் சந்துதான் எனக்கு இடிக்கிறது.

நம் ஹோட்டல்களில் கை கழுவும் இடத்தை யோசித்துப் பாருங்கள். வரிசையில் நிற்கிற ஒருவர் முகத்திலும் மாஸ்க் இருக்காது, எல்லாம் சட்டைப் பையில். ஒருவர் கொப்புளிப்பார், ஒருவர் தொண்டையைக் காறுவார், ஒருவர் மூக்கையும் சிந்திவிட்டுக் கண்ணாடியில் தலை சீவுவார். ஜன்னல் இருக்காது. மேஜைகளை ஆறடி தள்ளிப் போட்டுவிட்டு எல்லோரையும் அந்தச் சந்துக்குள் நுழைய வைத்தால் என்ன பிரயோஜனம்? எந்த விதிமுறைப் பலகையிலும் இதைப் பற்றி ஒரு வரி நான் பார்க்கவில்லை.

வாசலில் ஒரு டிரம்மில் தண்ணீர் வைத்து, குழாய் பொருத்தச் சொல்லுங்கள். நம் கல்யாண வீட்டில் வைப்பதுதானே.

---

வெண்பொங்கல் · 28 ஆகஸ்ட் 2020, இரவு 9.41

தலை சீவுபவரை எனக்குத் தெரியும். எல்லா ஹோட்டலிலும் அவர்தான்.

மதுரையில் ஒரு ஹோட்டலில் மாஸ்க் வடிவத்தில் பரோட்டா போட்டார்களே, அதை முகத்தில் கட்டிக்கொண்டே சாப்பிட்டுவிடலாம். பிரச்சினை தீர்ந்தது.

---

[மட்டுறுத்துநர்] · 29 ஆகஸ்ட் 2020, காலை 6.50

இரவில் வந்த மூன்று பதிவுகள் நீக்கப்பட்டன. 5ஜி கோபுரத்தையும் இந்த இழையையும் இணைக்க வேண்டாம். கபசுரக் குடிநீருக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போய் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம்.

---

கல்லாப்பெட்டி · 29 ஆகஸ்ட் 2020, பிற்பகல் 3.10

எல்லோரும் வாடிக்கையாளர் பக்கமிருந்தே பேசுகிறீர்கள். திருச்சியில் சின்ன சைவ ஹோட்டல் நடத்துகிறேன். கல்லாவிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன்.

44 இருக்கை. இப்போது 22. பாதி இருக்கை என்றால் பாதி வியாபாரம் என்று நினைக்கிறீர்கள். டிபன் கடைக்கு உயிரே காலை எட்டு முதல் ஒன்பதரை வரைதான். அந்த ஒன்றரை மணி நேரத்தில் நாலு பந்தி ஓடினால்தான் அன்றைக்குக் கணக்கு சரியாகும். இப்போது ஒவ்வொரு பந்திக்கும் நடுவே மேஜையைக் கழுவித் துடைக்க வேண்டும். மூன்று பந்தி ஓடினாலே அதிர்ஷ்டம். அதாவது 176 பேர் சாப்பிட்ட இடத்தில் 66 பேர். வாடகை பாதியாகவில்லை, கரண்ட் பில்லில் நிலைக்கட்டணம் பாதியாகவில்லை. சாம்பார் அண்டாவைப் பாதி அடுப்பில் வைக்க முடியாது.

"பார்சல் போடுங்களேன்" என்பீர்கள். போடுகிறேன். ஆப் மூலம் போனால் நூற்றுக்கு இருபது ரூபாய்க்கு மேல் அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். டப்பா காசு தனி. மூன்று இட்லிக்கு நான்கு டப்பா: இட்லிக்கு ஒன்று, சாம்பாருக்கு ஒன்று, இரண்டு சட்னிக்கு இரண்டு.

நான் யாரையும் வாருங்கள் என்று கூப்பிடவில்லை. என் அம்மாவுக்கும் 69 வயது, மார்ச்சிலிருந்து அவரைக் கடைப்பக்கமே விடவில்லை. அதை நினைத்தால் எனக்கே வெட்கமாகத்தான் இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு ஆகாத இடம் என் அப்பாவுக்கு ஆகுமா என்று ஒருவர் கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. ஆனால் ஒன்று, பார்சல் வாங்குபவர்கள் ஆப்பில் போடாமல் கடைக்குப் போன் செய்து, நேரில் வந்து, தூக்குச்சட்டியில் வாங்கிப் போங்கள். டப்பா மிச்சம், கமிஷன் மிச்சம், சாம்பாரும் ஒரு கரண்டி கூட ஊற்றுவோம்.

---

சிங்கைச்சிட்டு · 29 ஆகஸ்ட் 2020, மாலை 6.25

சிங்கப்பூர் நிலவரம் சுருக்கமாக. ஏப்ரல் 7-இல் நின்றது, ஜூன் 19-இல் திரும்ப ஆரம்பித்தது. ஒரு மேஜைக்கு ஐந்து பேருக்கு மேல் கூடாது. நுழையும் இடத்தில் போனைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும், நோட்டும் பேனாவும் கிடையாது. தேக்கா (இங்கே லிட்டில் இந்தியா) பக்கம் போனால் நான் இன்னமும் பார்சல்தான். அங்காடிக் கடைகள் நாலு பக்கமும் திறந்திருக்கும், அங்கே உட்காருவேன். காற்றோட்டம் சார் சொன்னதைப் படித்த பிறகுதான் நானே ஏன் அப்படிச் செய்கிறேன் என்று புரிந்தது. இவ்வளவு நாள் விலை குறைவு என்பதால் என்று நினைத்தேன்.

---

திருக்கோவிலூரான் · 30 ஆகஸ்ட் 2020, காலை 11.00

நான் இங்கே எழுதுவதில்லை, படிப்பதோடு சரி. மாம்பலவாசி அந்தச் சப்ளையரைப் பற்றி எழுதியிருந்ததால் எழுதுகிறேன். என் அப்பா சென்னையில் ஒரு ஹோட்டலில் 26 வருடமாகச் சப்ளையர்.

மார்ச்சில் ஊருக்கு வந்தார். ஏப்ரல், மே இரண்டு மாதமும் சம்பளம் இல்லை. முதலாளி ஒரு தடவை இரண்டாயிரம் அனுப்பினார், அதுவே பெரிது. ஜூலையில் போன் வந்தது, கடை திறக்கப் போகிறோம், வருகிறாயா இல்லை வேறு ஆள் பார்க்கட்டுமா என்று. போனார். மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் எடுப்பதற்கே நாலு தடவை விண்ணப்பித்தோம்.

நீங்கள் இருபத்தைந்து நிமிடம் உட்காரலாமா என்று யோசிக்கிறீர்கள். அவர் காலை ஐந்தரை முதல் நிற்கிறார். ஒவ்வொரு மேஜையாகக் குனிகிறார். சாப்பிடுகிறவர் மாஸ்க் போட்டுக்கொண்டு சாப்பிட முடியாது, புரிகிறது. ஆனால் ஆர்டர் சொல்லும்போதே முக்கால்வாசிப் பேர் மாஸ்க்கை இறக்கிவிட்டுத்தான் சொல்கிறார்களாம். அவருக்கு ஒரு காது கொஞ்சம் மந்தம், இன்னும் கிட்டே குனிவார். ராத்திரி படுப்பது கடைக்கு மேல் மாடியில், ஒரே ஹாலில் பதினான்கு பேர். அங்கே என்ன ஆறடி?

வராதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் வந்தால்தான் அவருக்குச் சம்பளம், டிப்ஸ். வாருங்கள் என்றும் சொல்ல முடியவில்லை. வருவதாக இருந்தால் தட்டு வரும்வரை மாஸ்க்கைக் கழற்றாதீர்கள். சாப்பிட்டதும் போட்டுக்கொண்டு பில் கேளுங்கள். அரட்டையை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

---

வெண்பொங்கல் · 30 ஆகஸ்ட் 2020, காலை 11.32

தம்பி, நெய் ரோஸ்ட் என்று மாஸ்க்கை இறக்கித்தான் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன்.

---

மருந்துச்சீட்டு · 30 ஆகஸ்ட் 2020, பிற்பகல் 2.20

திருக்கோவிலூரானுக்கு: அப்பாவிடம் சொல்லுங்கள், பிளாஸ்டிக் தடுப்பு மட்டும் போதாது, அதற்குள்ளே மூக்கை மூடி மாஸ்க்கும் வேண்டும். ஈரமானால் மாற்ற இன்னொன்று பையில் இருக்கட்டும். படுக்கும் ஹாலில் ஜன்னலைத் திறந்து, தலைமாடு கால்மாடு மாற்றிப் படுக்கச் சொல்லுங்கள். காய்ச்சல், வாசனை தெரியாமல் போவது என்று யாருக்காவது வந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். மறைப்பார்கள், தெரியும். சொன்னால் பதினான்கு நாள் கூலி போகும்.

மாம்பலவாசி, நானும் கொஞ்சம் இறங்கி வருகிறேன். முதலில் அப்பாவிடம் ஒன்று கேளுங்கள்: போக வேண்டும் என்று அடம்பிடிப்பது எதற்கு? இட்லிக்கா, ஆட்களுக்கா? ஐந்து மாதமாக எங்கள் ஓ.பி.க்குச் சர்க்கரை ஏறி வரும் பெரியவர்களில் பலர் வீட்டை விட்டு நகராதவர்கள். நடை நின்றுவிட்டது, பேச்சு நின்றுவிட்டது. அவரை அடைத்துப் போடுவதும் மருந்து இல்லை.

---

மாம்பலவாசி · 31 ஆகஸ்ட் 2020, இரவு 10.10

கேட்டேன். முதலில் முறைத்தார். அப்புறம் சொன்னார், "அவனுங்க மூணு பேரும் இருக்கானுங்களான்னு பாக்கணும்." போனில் பேசலாமே என்றேன். முப்பது வருடப் பழக்கத்தில் ஒருவர் நம்பரும் இன்னொருவரிடம் கிடையாதாம். தினம் பார்ப்பவனுக்கு எதற்கு நம்பர் என்கிறார்.

நாளை நான் மெஸ்காரரிடம் பேசப் போகிறேன்.

---

தேம்ஸ்கரை · 5 செப்டம்பர் 2020, இரவு 1.15

நீங்கள் இவ்வளவு யோசிக்கிறீர்கள். லண்டனில் எங்களுக்கு அரசாங்கமே காசு கொடுத்து ஹோட்டலுக்கு அனுப்பியது. ஆகஸ்ட் 3 முதல் 31 வரை, திங்கள், செவ்வாய், புதன் உட்கார்ந்து சாப்பிட்டால் பில்லில் பாதி, தலைக்கு 10 பவுண்டு வரை தள்ளுபடி. பார்சலுக்குக் கிடையாது! பத்து கோடிச் சாப்பாட்டுக்கு மேல் போனதாக நிதியமைச்சகம் பெருமையாகச் சொல்கிறது. ஈஸ்ட் ஹாமில் நம் தோசைக் கடைகளில் திங்கட்கிழமை வரிசை ரோட்டைத் தொட்டது. வியாழக்கிழமை ஈ ஓட்டினார்கள்.

நானும் மூன்று தடவை போனேன். வேறு எந்த ஊரிலாவது உட்காராமல் வாங்கிப் போகிறவனுக்கு முழு விலை, உள்ளே உட்காருகிறவனுக்குப் பாதி விலை என்று கேட்டிருக்கிறீர்களா? இதன் பலனை இன்னும் ஒரு மாதத்தில் பார்ப்போம்.

---

காற்றோட்டம் · 13 செப்டம்பர் 2020, காலை 10.40

இழை தூங்கிவிட்டது, எழுப்புகிறேன். அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் 11-ஆம் தேதி ஓர் ஆய்வு வெளியிட்டிருக்கிறது. ஜூலை மாதம், அறிகுறிகளோடு பரிசோதனைக்கு வந்த 314 பேர். 154 பேருக்குப் பாசிட்டிவ், 160 பேருக்கு நெகட்டிவ். அதற்கு முந்தைய இரண்டு வாரம் எங்கெங்கே போனீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். கடை, சலூன், பஸ் எல்லாவற்றிலும் இரு தரப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். உணவகத்தில் மட்டும் வித்தியாசம்: பாசிட்டிவ் ஆனவர்கள் அங்கே போயிருக்கும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு.

தலைப்பைப் பார்த்துவிட்டு வாட்ஸப்பில் அனுப்பிவிடாதீர்கள். உள்ளே உட்கார்ந்தார்களா, வெளியே திறந்தவெளியில் உட்கார்ந்தார்களா என்று அந்த ஆய்வில் பிரித்துக் கேட்கவில்லை. என்னைப் போன்றவனுக்கு அதுதானே முக்கியம். இருந்தாலும் மாஸ்க்கைக் கழற்றியே ஆக வேண்டிய ஓர் இடம் உணவகம் என்பது அதில் தெரிகிறது.

அப்பா விஷயம் என்ன ஆனது?

---

மாம்பலவாசி · 13 செப்டம்பர் 2020, இரவு 9.00

எழுதத்தான் நினைத்துக்கொண்டே இருந்தேன்.

மெஸ்காரரிடம் டிரம் விஷயம் சொன்னேன். மறுநாளே வைத்துவிட்டார், கல்யாணத்துக்குச் சமையல் எடுப்பவர் என்பதால் வீட்டிலேயே இருந்ததாம். ஆனாலும் எனக்கு அப்பாவை உள்ளே உட்கார வைக்க மனசு வரவில்லை. கடைசியில் ரயில்வேகாரர்தான் வழி சொன்னார். அவர் வீட்டு முன்னால் கார் நிறுத்தும் இடம் காலி, மேலே கூரை, மூன்று பக்கமும் திறந்தது. நாலு பிளாஸ்டிக் நாற்காலி, நாலு மூலையில். காலை ஆறரைக்கு அப்பா எவர்சில்வர் தூக்கை எடுத்துக்கொண்டு மெஸ்ஸுக்கு நடப்பார், வெளியே நின்று நாலு பேருக்கும் டிபன் வாங்குவார். சப்ளையர் அண்ணன் ஃபிளாஸ்க்கில் காபி ஊற்றிக் கொடுப்பார். அவரவர் தட்டு, அவரவர் டம்ளர், வீட்டிலிருந்து.

முதல் நாள் சண்டை வந்தது. எல்.ஐ.சி.காரருக்கு காது கேட்கவில்லை, நாற்காலியைக் கிட்டே இழுத்தார். அப்பா எழுந்து நாற்காலியைப் பின்னால் தள்ளினார். என்னிடம் கத்தியவர்தான் அவரிடம் ஆறடி கணக்குப் பேசுகிறார்! மூன்றாமவர் இரண்டு நாள் வரவில்லை என்று நாங்கள் பயந்து தேடிப் போனால், மகள் வீட்டுக்குப் பம்மல் போயிருந்தார். இப்போது நாலு பேர் நம்பரும் நாலு பேரிடமும் இருக்கிறது.

சப்ளையருக்கு டிப்ஸை மாதக் கணக்காகச் சேர்த்துக் கொடுப்பதென்று முடிவாகியிருக்கிறது. திருக்கோவிலூரான் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன்.

---

மருந்துச்சீட்டு · 13 செப்டம்பர் 2020, இரவு 11.50

இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. வடை மட்டும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

---

வெண்பொங்கல் · 14 செப்டம்பர் 2020, காலை 6.15

டாக்டர், கடைசியில் வடையில் கை வைத்தீர்களே.

---

மாம்பலவாசி · 6 ஜூலை 2021, இரவு 8.30

பத்து மாதம் கழித்து இந்த இழையைத் தோண்டி எடுக்கிறேன்.

மே 10 ஊரடங்கில் எல்லாம் மறுபடி நின்றது உங்களுக்குத் தெரியும். அந்த மாதத்தைப் பற்றி எழுத விருப்பமில்லை. எங்கள் நாலு பெரியவர்களும் இருக்கிறார்கள். இரண்டு டோஸும் போட்டாயிற்று. நேற்று முதல் பாதி இருக்கையோடு உட்கார்ந்து சாப்பிட அனுமதி வந்ததும் நானே சொன்னேன், "போய்ட்டு வாங்கப்பா, வாசல் பக்கமா உக்காருங்க, சீக்கிரம் வந்துடுங்க" என்று. சட்டையை இஸ்திரி போட்டுப் போனார். கால் மணி நேரத்தில் திரும்பிவிட்டார்.

மேஜையே இல்லையாம். மெஸ்காரர் ஜூன் மாதமே எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். முன்பக்கம் முழுக்க ஒரு பார்சல் கவுண்டர், பக்கத்தில் ஆப் பையன்கள் நிற்க இடம். பார்சலே நன்றாக ஓடுகிறது, மேஜை போட்டால் இரண்டு சப்ளையர் வேண்டும், சம்பளம் கட்டாது என்றாராம். பழைய சப்ளையர் இப்போது அதே கவுண்டரில் பொட்டலம் கட்டுகிறார். சாம்பார் கவருக்கு ரப்பர் போடுவதில் அவர் கை இன்னும் பழகவில்லை என்று அப்பா சொன்னார்.

இன்று சாயங்காலம் ஒரு குட்டியானை வண்டி வந்து வாசலில் நின்றது. அப்பா மெஸ்காரரிடம் பேரம் பேசி 1,500 ரூபாய்க்கு ஒரு மேஜையை வாங்கிவிட்டார். ரயில்வேகாரர் வீட்டு கார் ஷெட்டில் இறக்கியிருக்கிறோம். நாலு ஆள் பிடித்தும் தூக்க முடியவில்லை, அந்த மார்பிள் அவ்வளவு கனம்.

---

வெண்பொங்கல் · 6 ஜூலை 2021, இரவு 8.52

நாலாம் நம்பர்தானே?

---

மாம்பலவாசி · 6 ஜூலை 2021, இரவு 9.04

இல்லை. நாலை அதற்கு முன்பே யாரோ வாங்கிப் போய்விட்டார்கள். இது ஆறு. ஒரு கால் கொஞ்சம் ஆடுகிறது. அப்பா இன்றைய பேப்பரை நாலாக மடித்து அடியில் வைத்திருக்கிறார்.